பதினைந்து அடி

வருஷம் முழுக்க வெட்டுகிறவன் நான்.
ஐப்பசிக் காற்று ஏற்காடு ஏறுவதற்குள்
ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் வரை
கம்பியைத் தொடும் ஒவ்வொரு சில்வர் ஓக்கும்
என் அரிவாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.
கமுக்கமாய் வளர்ந்த கொய்யா,
ஆளில்லாத பங்களாவின் பலா,
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் ஒரே வரி:
மரக்கிளை அகற்றப்பட்டது.

அப்படிப்பட்டவன் செடி வாங்கப் போனால்
என்ன கேட்பான்?
காய்க்குமா என்று கேட்கவில்லை. பூக்குமா என்றும்.
"எத்தனை அடி போகும்?"
நர்சரி செலின் கறுப்புப் பையைத் திருப்பி
ஒரு நத்தையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:
"லக்கோட்டாங்க. அழகுக்கு வெக்கறது.
எலை எப்பவும் பச்சையா நிக்கும்.
மிஞ்சிப்போனா பதினஞ்சு அடி."
குவார்ட்டர்ஸுக்கு மேலே போகும் கம்பி
பதினெட்டில் இருந்தது.
மூன்றடி மிச்சம்.
வாங்கிவிட்டேன்.

எஸ்டேட்டில் கழித்த காப்பித் தொலியைக்
கூடையில் வாங்கிவந்து கொட்டினேன்.
ஒவ்வொரு பொங்கலுக்கும்
ஃபியூஸ் போடும் கழியை நிறுத்தி அளந்தேன்:
நாலு, ஆறரை, ஒன்பது.
பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படி அளந்ததில்லை.

எப்போதும் பச்சை என்றால்
உதிராதது என்று நினைத்திருந்தேன்.
தவமணி துடைப்பத்தோடு வந்து திருத்தினாள்.
நாளுக்கு இரண்டு, நாளுக்கு மூன்று,
செருப்புத் தோலாய்த் தடித்த இலை
முதுகில் துருநிற ரோமத்தோடு
வாசலில் கிடக்கும்.
"மத்த மரமெல்லாம் ஒரே மாசத்துல
கொட்டித் தீத்துருது.
இது தவணைக் கடன் மாதிரி."

ஏழாம் வருஷம் கார்த்திகையில்
பனி விலகிய ஒரு காலை
உச்சியில் வெள்ளையாய் ஏதோ.
சோப்பு நுரையா என்று பார்த்தேன்.
பூ.
வாதாங்கொட்டையை உடைத்த வாசம்
ஸ்வெட்டரின் கழுத்து வழியே உள்ளே இறங்கியது.
பூங்கொத்துக்கு அரைச் சாண் மேலே
என் கம்பி.

மூன்று நாள் மேலே பார்க்கவில்லை.
நான்காம் நாள் இராத்திரி மழையில்
ஒரு பொறி. நீலமாய்.
ஃபோர்மேன் பொன்னுரங்கம் ஒன்றும் சொல்லவில்லை,
பதிவேட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினேன்.
பத்தொன்பது வீடு நின்றது.
பின்வரிசையில் பிலோமினாவின் கிரைண்டர்
பாதி உளுந்தில் முனகி ஓய்ந்தது.
"யாரு மரத்துக்குங்க கரண்ட் போச்சு?"
ஏணி மேலே
காதில் விழாதவனாய் அறுத்தேன்.
அரிவாள் வேண்டாமென்று ரம்பம்.
இருபது வருஷக் கை எங்கே போனதோ,
ஒரு கிளைக்கு முக்கால் மணி நேரம்.
தேனீக்கள் கிளையோடு தரைவரை வந்து
கிடந்த பூவிலேயே வேலையைத் தொடர்ந்தன.

பதிவேட்டில் எழுதினேன்: மரக்கிளை அகற்றப்பட்டது.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு, மின்வாரியம் என்று போட்டேன்.

மாசிக் கடைசியில்
ரம்பம் போகாத கீழ்க்கிளையில்
மஞ்சளாய்ப் பன்னிரண்டு பழம்.
ஐந்தில் குக்குறுவான் முந்திக்கொண்டது.
ஒன்றை நானும் தவமணியும் பாதியாய்க் கடித்தோம்.
ஒன்றைப் பிலோமினாவிடம் நீட்டினேன்,
உளுந்துக்கு ஈடாக.

நகத்தால் தோலை உரித்தாள்.
புளிப்பில் ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.
வழவழத்த இரண்டு கொட்டையை
உள்ளங்கையில் துப்பி
முந்தானையில் துடைத்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
அவள் கூரைக்கு மேலே போவதும்
என் கம்பிதான்.

"இது எவ்வளவு ஒசரம் போகுங்க?"

தொண்டையில் இன்னும் அந்தப் புளிப்பு.
"அழகுக்கு வெக்கறது," என்றேன்.
"மிஞ்சிப்போனா பதினஞ்சு அடி."